புலியந்தீவுக் கோட்டையும் ஹெர்மிஸ் கிடக்கும் கடலும்

மட்டக்களப்புக் கோட்டைக்குக் காலிக் கோட்டையின் பிரமாண்டம் கிடையாது. புலியந்தீவின் விளிம்பில், வாவியை ஒட்டி, நான்கு கொத்தளங்களோடு தணிவாக நிற்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை பத்தே ஆண்டுகளில் எப்படிக் கைமாறியது என்ற கேள்வி, நூல்களைப் படித்த நாள் முதலே எனக்கு இருந்தது. கொத்தளத்தில் ஏறி நின்றபோதுதான் ஓரளவு பிடிபட்டது. பெரிய கப்பல்கள் முகத்துவாரத்து மணற்றிட்டைத் தாண்டி வாவிக்குள் நுழைவது கடினம்; அதுதான் இந்த இடத்தின் காவல். எதிரி பீரங்கிகளைக் கரையிறக்கிவிட்டால் அந்தக் காவல் முடிந்தது.

1638 மார்ச் 28ஆம் திகதி கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனிடம் அழிந்திருந்தது. உதவிப் படை வர வழியில்லை. மே 18ஆம் திகதி, தளபதி வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தப் படையும் இராசசிங்கனின் படையும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தன. இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதல் கோட்டை இதுதான்.

பீரங்கிச் சண்டையைவிட என்னை உலுக்குவது அதற்குச் சில நாட்கள் கழித்து இங்கே எழுதப்பட்ட உடன்படிக்கை. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் வைப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்பது மன்னன் தரப்புப் பிரதி. ஒல்லாந்தப் பிரதியில் அந்த நிபந்தனை இல்லை. 1640இல் காலியைப் பிடித்தவர்கள் அதைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1656இல் கொழும்பு விழுந்தபோது மன்னனை உள்ளேயே விடவில்லை. படை நடத்தி வென்ற மன்னன் தாளில் தோற்ற ஊர் இது. வாசலில் அதைச் சொல்லும் ஒரு தமிழ்ப் பலகை கட்டாயம் வேண்டும்.

பிற்பகலில் மருமகனோடு பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போனேன். உயர்தரத்தில் வரலாறு படிக்கிறான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை இந்தக் கடலில் மூழ்கடித்த 1942 ஏப்ரல் 9ஆம் திகதியை மணலில் நடத்திக் காட்டினோம்: பெரிய சிப்பி ஹெர்மிஸ், சிறியது அதன் துணைக்கப்பல் வம்பயர், தென்னோலை ஈர்க்குகள் ஜப்பானிய விமானங்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் ஹெர்மிஸ். திருகோணமலைக்குத் தாக்குதல் வருகிறது என்று அறிந்து முந்தின இரவே துறைமுகத்தைவிட்டுத் தெற்கே வந்தது. மறுநாள் திரும்பிப் போகும் வழியில் எதிரியின் வேவு விமானம் கண்டுவிட்டது.

“விமானந்தாங்கியில் விமானம் இல்லையா மாமா?” என்றான்.

ஒன்றுகூட இல்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. காவல் விமானங்கள் வந்து சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. குண்டுவீச்சு தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கப்பல் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள், கப்டன் ஒன்ஸ்லோ உட்பட. வம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது. வேறு சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள். அவன் ஈர்க்குகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேள்வி கேட்டான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்திருப்பான்.

ஹெர்மிஸ் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. தேர்ந்த சுழியோடிகளுக்கு மட்டுமே எட்டும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இன்னும் வடக்கே, பாசிக்குடாப் பக்கம், அதைவிடக் குறைந்த ஆழத்தில் இருக்கிறது. கடல் தெளிந்திருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை படகுகள் போகின்றன. சுழியோடப் போகிறவர்கள் அதற்கு முன் ஹெர்மிஸின் கதையைப் படித்துவிட்டு இறங்குங்கள், அது கல்லறையும்கூட.