எடுத்து முடித்த படம் எங்கே போகிறது?

ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பெரும்பகுதி படமாக்கப்பட்ட 'பேட்கேர்ள்' (Batgirl) என்ற ஹாலிவுட் சூப்பர் ஹீரோ திரைப்படத்தைத் திரையரங்கிலும் சரி, ஓடிடியிலும் சரி, வெளியிடப்போவதில்லை என்று வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி நிறுவனம் 2022 ஆகஸ்டில் முடிவெடுத்தது. செலவை நட்டக் கணக்கில் எழுதி வரியைக் குறைத்துக்கொள்வதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. செய்தி கேட்டதும், காட்சிகளைக் கைப்பேசியிலாவது பதிவு செய்துகொள்ளலாம் என்று சர்வரைத் திறந்து பார்த்தபோது எல்லாம் அடைபட்டிருந்ததாக அதன் இரு இயக்குநர்களும் பின்னர் பேட்டியில் கூறினர். அந்தக் காட்சியை என்னால் மறக்கவே முடியவில்லை.

வெளியான படைப்புகளுக்கும் பாதுகாப்பு இல்லை. 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடங்கிய 'வில்லோ' தொடர், 2023 மே மாதமே அங்கிருந்து நீக்கப்பட்டது. ஒரு தொடர் தளத்திலிருந்து போனால், அதை எழுதியவருக்கு மறு ஒளிபரப்புக்காக வந்துகொண்டிருந்த தொகையும் நின்றுபோகிறது. அதே ஆண்டு அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்றவற்றுள், தங்கள் தொடர்கள் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டன என்ற கணக்கை நிறுவனங்கள் சங்கத்துக்குத் தர வேண்டும் என்பதும் ஒன்று. அதுவரை தன் எழுத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே எழுதியவருக்குத் தெரியாது.

என் அலமாரியில் 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய குறுந்தகடுகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றை யாரும் என் வீட்டுக்குள் வந்து நீக்க முடியாது. மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் எதைப் பற்றியும் அப்படிச் சொல்ல என்னால் இயலவில்லை.