ஏதாவது ஒன்றா, எல்லாமுமா?

மண்டபத்தில் மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு வியாபாரியின் வெப் அப்ளிகேஷனை எங்கள் அலுவலகம் பராமரிக்கிறது. அதில் ஒரு தேடல் பக்கம் உண்டு. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று ஊர்கள். நண்டு, கணவாய், இறால், காரல் என்று சரக்கு. விசைப்படகா, நாட்டுப்படகா என்று படகு வகை. டிக் செய்ததற்கு மட்டும் பதிவுகள் வர வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள்.

டேட்டாபேஸின் பழைய டேபிளில் ஒரு வரவின், அதாவது ஒரு படகு ஒருமுறை கொண்டுவந்து இறக்கியதின், சரக்கெல்லாம் ஒரே கட்டத்தில் ‘1,11,12’ என்று கிடந்தது. நண்டின் எண் 1. எழுத்து எங்கேயாவது ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ‘லைக்’ போட்டுத் தேடினால் 11-ம் கூடவே வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு சரக்கையும் தனி வரிசையாகப் பிரித்தோம். அப்புறம், கொடுத்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் ‘இன்’ போதும். டிக் எண்களைக் குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) நேராக ஒட்டாமல், அத்தனை கேள்விக்குறி வைத்து மதிப்புகளைத் தனியே அனுப்புகிறோம். நாம் கொடுத்த பட்டியல்தானே என்று நம்ப முடியாது. பிரௌசரிலேயே அதை மாற்றி அனுப்பலாம்.

நிஜமான சிக்கலைக் கிளப்பியவர் அங்கே கணக்கு எழுதும் அண்ணன். “தம்பி, நண்டும் கணவாயும் சேர்ந்து வந்த படகைக் கேட்டா, வெறும் நண்டு வந்ததையும் காட்டுதே?”

அவர் கேட்டது சரிதான். ‘இன்’ என்றால் ஏதாவது ஒன்று. அவருக்கு வேண்டியது இரண்டும். வரவுவாரியாக ‘குரூப் பை’ போட்டுத் தொகுத்து, அந்தத் தொகுப்புகளை வடிகட்டும் ‘ஹேவிங்’கில் சரக்கு வகைகளின் எண்ணிக்கை டிக் எண்ணிக்கைக்குச் சமமா என்று பார்க்க வேண்டும். அங்கே ஒரே சரக்கை ஒருமுறை மட்டும் எண்ணும் ‘டிஸ்டிங்க்ட்’ விடுபட்டால், தரம் பிரித்து இரண்டு முறை எடை போட்ட நண்டே 2 என்று கணக்காகிவிடும். ஊருக்கு இந்தக் கேள்வியே எழாது. ஒரு வரவு ஓர் ஊரில்தான் இறங்கும். ஆகவே ‘ஏதாவது ஒன்று / எல்லாமும்’ என்ற பொத்தானைச் சரக்குக்கு மேலே மட்டும் வைத்தோம். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘இன்’ வேகமா, டேபிள்களை இணைக்கும் ‘ஜாயின்’ வேகமா என்று அலுவலகத்தில் அரை நாள் வாதம் வேறு!

எதையும் டிக் செய்யாவிட்டால்? பிரௌசர் அந்தப் பட்டியலையே அனுப்பாது. காலி ‘இன் ()’ நாங்கள் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பிழை. “தொடலைன்னா எல்லாத்தையும் காட்டு” என்றார் அண்ணன். அந்த நிபந்தனையையே குவெரியிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

ஆனால் டிக் செய்தும் ஒன்றும் வராத காலம் இங்கே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. மே மாதத்தில் அதை டிக் செய்தால் வெறும் திரைதான், உடனே போன் வரும். இப்போது என்னென்ன தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மேலே காட்டி, ‘இந்தத் தேர்வுக்குப் பதிவு இல்லை’ என்று கீழே ஒரு வரி வருகிறது.