பி.பி.ஏ. கணினிப் பயன்பாடு: ஆறு செமஸ்டருக்கும் ஒரே கம்பெனி போதும்

ஆறாவது செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. அரியர் எதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய நேரம் என்பதால், வீட்டில் என் மதிப்பெண்ணைப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. "பாஸா? சரி" என்று கேட்டுவிட்டு அப்பா டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சொல்வதற்கு எனக்கு நிறைய இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கமிருந்து வந்து, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஒரு கல்லூரியில் நிர்வாகவியலையும் கணினியையும் சேர்த்துப் படிக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அகமதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்ற கணக்கு, இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்பதெல்லாம் உங்கள் சீனியர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு.

இந்தப் படிப்பு ஒரே பட்டத்துக்குள் அடைத்த இரண்டு பட்டங்கள். மேலாண்மைப் பாடம் எடுப்பவர் கணினி ஆய்வகத்துப் பக்கம் வருவதே இல்லை. கணினிப் பாடம் எடுப்பவர் நம்மைப் பாதி வெந்த பி.சி.ஏ. மாணவர்களாகப் பார்க்கிறார். இரண்டையும் இணைக்க வேண்டிய மேலாண்மைத் தகவல் முறைமை என்ற தாளோ கடைசியில்தான் வருகிறது. அதற்குள் மாணவர்கள் இரண்டு நோட்டு, இரண்டு மூளை என்று பழகிவிடுகிறார்கள். பிறகு அந்தத் தாளில் 'மூன்று நிலை நிர்வாகத்துக்கும் தகவல் தேவை' என்று ஒரு முக்கோணத்தை வரைந்துவிட்டு, அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். உண்மையான ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தாள் வந்தாலும் அதற்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் வரும் ஏ.பி.சி. லிமிடெட்டை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத கம்பெனிக்கு எப்படிக் கணக்கெழுதுவது? என் சித்தப்பா பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கெழுதுகிறார். நம் பக்கத்தில் கம்பெனி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்: தகரக் கொட்டகை, தராசு, ஐஸ் பெட்டிகள், ஒரு மேசை, அதன் மேல் சிட்டைப் புத்தகம், அதாவது வந்த சரக்கை எழுதிவைக்கும் ரசீதுக் கணக்கு. அந்தச் சிட்டைப் புத்தகம்தான் எனக்குப் பாடநூல்.

டேட்டாபேஸ் தாளில் நார்மலைசேஷன், அதாவது ஒரே விவரம் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது, என்றாலே எல்லோரும் ஓடுவார்கள். எங்கள் வகுப்பில் அதை நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எனக்கு மனப்பாடம் வராது. சித்தப்பாவின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்தேன். தேதி, சிட்டை எண், படகு உரிமையாளர் பெயர், செல்பேசி எண், சரக்கு, எடை, விலை. சரக்கு என்ற கட்டத்துக்குள் 'இறால் 12, நண்டு 5, கணவாய் 8' என்று நெருக்கி எழுதியிருந்தது. ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பது முதல் நார்மல் வடிவம். ஆகவே மூன்று வரிகளாகப் பிரித்தேன். இப்போது ஒரு வரியை அடையாளம் காட்டச் சிட்டை எண்ணும் சரக்கின் பெயரும் சேர்ந்தே வேண்டும். ஆனால் உரிமையாளர் பெயர் சிட்டை எண்ணை மட்டுமே நம்பி நிற்கிறது. இறாலோ நண்டோ அதற்குப் பொருட்டில்லை. அதைத் தனி அட்டவணைக்குக் கொண்டுபோனால் இரண்டாவது வடிவம். செல்பேசி எண்ணோ சிட்டையைப் பொறுத்தது அல்ல, ஆளைப் பொறுத்தது. உரிமையாளர் அட்டவணை என்று ஒன்றைப் பிரித்து அதில் வைத்தால் மூன்றாவது வடிவம் முடிந்தது. ஒரு மாலை நேரத்தில், ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே இது எனக்குப் புரிந்தது.

அதே பக்கத்தில் ஒரே உரிமையாளர் அந்தோணி, அந்தோனி, அ.அந்தோணி என்று மூன்று விதமாக இருந்தார்.

"சித்தப்பா, ஒரே ஆளை ஏன் மூன்று பேராக எழுதியிருக்கிறீர்கள்?"

"எழுதிய எனக்கு ஆள் தெரியாதா, தாயி?"

தெரியும். ஆனால் அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் மேசையில் உட்கார்ந்த பையனுக்குத் தெரியவில்லை. மூன்று பேருக்குத் தனித்தனியாகப் பாக்கி போட்டுவிட்டான். தரவு மிகைமையால் வரும் கேடுகள் யாவை என்று ஐந்து மதிப்பெண்ணில் கேட்டார்கள்; இதையே எழுதினேன். முன்பணம் வாங்கிவிட்டு இன்னும் ஒரு தடவைகூடச் சரக்குப் போடாத புதிய உரிமையாளரை அந்தப் புத்தகத்தில் எங்கும் எழுத முடியாது. அது செருகல் குறை. ஒரு பக்கம் கிழிந்தால் அந்தச் சிட்டையோடு ஆளின் எண்ணும் போய்விடும். அது நீக்கல் குறை. இரண்டையும் இனி நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புமுறை மாதிரியை 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்டார் என்ற ஒரு வரியை முதலில் எழுதிவிட்டு உதாரணத்துக்குள் போனால், திருத்துபவருக்கு நீங்கள் புத்தகத்தையும் தொட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

செயல்முறை ஆராய்ச்சி, சரக்குக் கட்டுப்பாடு ஆகிய தாள்களிலும் இதே வழிதான். ஒரு தடவைக்கு எவ்வளவு வரவழைத்தால் செலவு குறையும் என்று சொல்லும் சிக்கன ஆணை அளவுச் சூத்திரத்தை எல்லோரும் படிப்பீர்கள். ஆண்டுக்கு 7,200 தெர்மோகோல் பெட்டி தேவை, ஒரு தடவை வரவழைக்க 100 ரூபாய், ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க 4 ரூபாய் என்றால் விடை 600 பெட்டி. ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆணை. கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் 'இந்தச் சூத்திரத்தின் எடுகோள்களையும் குறைகளையும் விளக்குக' என்று அதன் வாலில் கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். தேவை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருக்கும் என்பது முதல் எடுகோள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகுச் சரக்குக்கு எத்தனை பெட்டி வேண்டும்? கையிருப்பு கெடாது என்பது இன்னொரு எடுகோள். பெட்டிக்குச் சரி, ஐஸுக்குச் சரியா? இதை எழுதினால் பக்கம் தானாக நிரம்பும்.

எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும் என்று பார்க்கும் போக்குவரத்துக் கணக்கில் மூன்று ஐஸ் ஆலைகளையும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் ஆகிய இறங்குதளங்களையும் போட்டுப் பழகுங்கள். வரத்தும் தேவையும் சமமா என்று பார்க்காமல் அட்டவணையின் இடது மேல் கட்டத்தில் தொடங்கும் வடமேற்கு மூலை முறையில் கை வைக்காதீர்கள். சமமில்லை என்றால் போலி வரிசையையோ போலி நெடுவரிசையையோ சேர்த்த பிறகுதான் எதுவும். எந்த முறை என்று கேள்வியில் குறிப்பிடாவிட்டால் செலவு வித்தியாசத்தைப் பார்த்து ஒதுக்கும் வோகல் முறையில் போங்கள். வடமேற்கு மூலை செலவைப் பார்ப்பதே இல்லை.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் ஆய்வகத் தேர்வுக்கு ஒரு குறிப்பு. சரக்குப் போடும் உரிமையாளருக்கு நாம் கொடுக்க வேண்டிய பாக்கி, சன்ட்ரி கிரெடிட்டர்ஸ் குழுவில் வரும். அதே ஆளுக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் முன்பணம், லோன்ஸ் அண்ட் அட்வான்சஸ் என்ற சொத்துக் குழுவில் வரும். ஒரே மனிதர் இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் நிற்பார். வாய்மொழித் தேர்வில் இதைச் சுற்றித்தான் கேட்கிறார்கள்.

சரக்கு மற்றும் சேவை வரித் தாளில் 'விலக்கு', 'பூஜ்ய வீதம்' இரண்டையும் குழப்பாத ஆளை நான் எங்கள் வகுப்பில் பார்க்கவில்லை. பிடித்துவந்த மீனை அப்படியே உள்ளூரில் விற்றால் வரி இல்லை; அது விலக்கு. ஆனால் அதற்காக வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்பக் கேட்க முடியாது. ஏற்றுமதி செய்தால் பூஜ்ய வீதம்; உள்ளீட்டு வரியைக் கேட்கலாம். ஒரே கொட்டகையில் இரண்டு வகைச் சரக்கும் ஏறுகிறது. போய்ப் பாருங்கள், புரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் மீன் தொழில் இல்லையா? கீழக்கரையில் துணிக்கடை, சாயல்குடிப் பக்கம் பனங்கருப்பட்டி மொத்த வியாபாரம், மண்டபத்தில் பாசி எடுக்கும் பெண்களின் சுய உதவிக் குழு, ராமேஸ்வரத்தில் விடுதி. எதுவானாலும் சரி. மூன்று நிபந்தனை மட்டும்:

– கணக்கு நோட்டை உங்களுக்குக் காட்டுபவராக இருக்க வேண்டும்.
– கொள்முதல், விற்பனை, கடன் மூன்றும் இருக்க வேண்டும்.
– செமஸ்டருக்குச் செமஸ்டர் மாற்றக் கூடாது. மாற்றினால் எல்லாம் வீண்.

இனி கல்லூரியைப் பற்றி. எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர். உப்புக் காற்றில் யு.எஸ்.பி. துளைகள் துருப்பிடித்து, பென் டிரைவைச் செருகினால் பாதி நேரம் தெரியாது. மின்சாரம் போனால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. அதற்கு மாற்று வகுப்பு என்ற பேச்சே கிடையாது. பதிவேட்டில் மட்டும் எல்லாப் பயிற்சிகளும் முடிந்திருக்கும். முறையிட்டோம், 'வந்துவிடும்' என்றார்கள், நாங்கள் வெளியே வந்துவிட்டோம். ஆகவே டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். பயிற்சிக்கு ஆய்வகத்தை நம்பாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூலைட் மென்பொருளைப் பழைய மடிக்கணினியிலோ செல்பேசியிலோ போட்டுக்கொண்டு, உங்கள் கம்பெனியின் அட்டவணைகளை நீங்களே அமையுங்கள். 'வேர்' (WHERE) எங்கே வரும், 'ஹேவிங்' (HAVING) எங்கே வரும் என்பதை இப்படி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: 50 கிலோவுக்கு மேற்பட்ட சிட்டை வரிகள் எவை என்பதற்கு 'வேர்', மாத மொத்தம் 500 கிலோவைத் தாண்டிய உரிமையாளர்கள் யார் என்பதற்கு 'குரூப் பை' போட்டு 'ஹேவிங்'.

படிக்கும் நேரம் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை குறைவு. நான் பஸ்ஸில் படித்தவள். நான் சேர்ந்த ஆண்டில், 2022 டிசம்பரில், பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தபோது என் கடைசித் தேர்வுகள் வந்துவிட்டன. கல்லூரி வாழ்க்கை முழுவதும் ராமநாதபுரம் பஸ்தான். உட்கார இடம் கிடைத்தால் வரையறைகள், கிடைக்காவிட்டால் மனத்துக்குள் அட்டவணை பிரிப்பது. நின்றுகொண்டு கணக்குப் போட முடியாது, ஆனால் எந்த விவரம் எந்த அட்டவணைக்குப் போகும் என்று யோசிக்கலாம்.

கூட்டுப் படிப்பு எனக்கு ஆகாது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் படிப்பார், மூவர் தலையாட்டுவார்கள். உங்களுக்கு அது ஒத்துவந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அதேபோல் பத்து மதிப்பெண்ணில் தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் நான் எப்போதும் கணக்கு அல்லது படம் உள்ள கேள்விக்குத்தான் போவேன். மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் படிநிலையைப் பக்கம் பக்கமாக எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு வியப்புதான். தேர்வறையில் என் வரிசை இது: முதலில் படம், பிறகு அதிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வரி, கடைசியில் வரையறை. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது மிகவும் உதவும். நீண்ட ஆங்கில வாக்கியங்களில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

இப்போது சேர்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் வரம்புக்குள் வந்திருக்கின்றன. நீங்கள் சேரும் கல்லூரியில் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட் பற்றி. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் மதுரையில் காசு கொடுத்து 'நூலக மேலாண்மை' வாங்கி வந்தார்கள். அட்டை பளபளப்பாக இருந்தது. நான் பாம்பன் கொட்டகைக்குச் சிட்டைப் பதிவு செய்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எக்செலிலேயே செய்துவிடலாமே, டேட்டாபேஸ் எதற்கு?" என்றார். மூன்று அந்தோணிகளின் கதையைச் சொன்னேன். உரிமையாளர் அட்டவணையில் இல்லாத எண்ணைச் சிட்டையில் ஏற்ற முடியாதபடி அயல் திறவுகோல் தடுக்கும் என்று காட்டினேன். பிறகு அவர் கேட்டதெல்லாம் இறால் கவுண்ட் பற்றித்தான். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறும் என்பது அவருக்குப் புதிது. இந்த எக்செல் கேள்வி உங்களுக்கும் வரும். பதிலோடு போங்கள்.

உரிமையாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். அறிக்கையில் ஆட்களின் செல்பேசி எண்களை அடித்துவிடுங்கள். தகவல் சேகரிப்பை மார்ச்சுக்குள் முடியுங்கள். ஏப்ரல் 15க்குப் பிறகு போனால் கொட்டகை பூட்டியிருக்கும், சிட்டைப் புத்தகம் கணக்கர் வீட்டில் இருக்கும், கணக்கர் ஊரில் இருக்க மாட்டார்.