அழல், அழற்சி

காலையில் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் கூட வந்தாள். டாக்டர் சீட்டில் எழுதியது 'கேஸ்ட்ரைடிஸ்'.

வெளியே சுவரில் அதற்கே ஒரு தமிழ்ப் போஸ்டர்: இரைப்பை அழற்சி.

"அழற்சின்னா என்னப்பா?"

நான் சொல்லவில்லை. "முயற்சி எதிலேருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

"முயல்."

"சுழற்சி?"

"சுழல்."

போஸ்டரையே பார்த்தபடி, விரலால் தொடையில் 'ற்' எழுதினாள். அழித்தாள். 'ல்' எழுதினாள்.

"அழல்! நெருப்புதானே அது?"

அதேதான். 'சி' விகுதி சேரும்போது ல், ற் ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அழற்சிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் இன்ஃப்ளமேஷன் என்ற சொல்லுக்குள்ளும் லத்தீன் நெருப்பு, ஃப்ளம்மா, எரிந்துகொண்டிருக்கிறது. கேஸ்ட்ரைடிஸின் தலை, கிரேக்கத்தில் வயிறு. 'ஐடிஸ்' என்ற வால்தான் அழற்சி. ஆர்த்ரைடிஸ் என்றால் மூட்டில், டான்சிலைடிஸ் என்றால் டான்சிலில். வால் தெரிந்தால் பாதிச் சீட்டு புரிந்துவிடும். (டாக்டர் கையெழுத்து தனிப் பாடம்.)

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பயிற்சி, பயில். வளர்ச்சி, வளர். பூச்சி, பூ! "பூவுலதானே வந்து உட்காருது?"

அங்கே சறுக்கிவிட்டாள். திருத்த மனம் வரவில்லை, இன்னும் திருத்தவில்லை.

மருந்து வாங்கிக்கொண்டு வந்தால், பாட்டியிடம் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. "பாட்டி, உங்க வயித்துக்குள்ள நெருப்பாம்."

"அதைத்தானேடி பத்து நாளா எரியுது எரியுதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்!"