தமிழ் டீச்சருக்கு எதற்கு முதலில் ஊசி?

போன வாரம் ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம். புதிதாக வந்திருக்கும் இளைய ஆசிரியர் ஒருவர், கொவிட் சமயத்தில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், "உங்களுக்கெல்லாம் மத்தவங்களுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டாங்களாமே அக்கா, அது நியாயமா?" என்று கேட்டுவிட்டார். சும்மா கேட்டதுதான். ஆனால் அங்கே இருந்த மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள், குரல் உயர்ந்தது, மணியும் அடித்துவிட்டது, நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

முதலில் ஒரு வாதத்தைத் தள்ளி வைத்துவிடுகிறேன். மாதா பிதா குரு தெய்வம் என்று தொடங்குமே, அது. 2021 தொடக்கத்தில் என் வாட்ஸ்அப்புக்கு அது வராத நாள் இல்லை, ஆசிரியர் தினத்துக்கு வரும் அதே ரோஜாப்பூ படத்தோடு. எனக்குப் பிடிக்கவே இல்லை. தடுப்பூசி என்ன பொன்னாடையா, மரியாதைக்குப் போர்த்த? கையில் கொஞ்சம் மருந்து இருக்கிறது, காத்திருப்பவர்கள் ஏராளம், யாருக்குப் போட்டால் எத்தனை பேர் தப்பிப்பார்கள் என்பது மட்டும்தான் கணக்கு. அந்தக் கணக்கில் குருவும் இல்லை, தெய்வமும் இல்லை.

அப்புறம், "முன்னாடியே" என்பதும் பாதிதான் உண்மை. இங்கே சிங்கப்பூரில் முதல் ஊசி 2020 டிசம்பர் 30ஆம் தேதி சுகாதாரப் பணியாளர்களுக்குப் போடப்பட்டது. ஜனவரி 8 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் போட்டுக்கொண்டார். ஜனவரி கடைசியில் அங் மோ கியோவிலும் தஞ்சோங் பகாரிலும் மூத்தோருக்கு முன்னோட்டமாகத் தொடங்கி, பிப்ரவரியில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு எல்லா இடத்திலும் போட்டார்கள். எங்கள் முறை மார்ச் 10லிருந்துதான். கல்வி நிலையங்களில் வேலை செய்பவர்கள் 150,000 பேருக்கும் மேல், அதில் மாணவர்களோடு நேரடித் தொடர்பில் இருக்கும் மற்ற ஊழியர்களும் அடக்கம். 45 முதல் 59 வயது வரை உள்ள பொதுமக்களுக்கு மார்ச் 24. அதாவது நாங்கள் வரிசையின் நடுவில் இருந்தோம், ஆனால் பலருக்கு முன்னால், அதிலும் என்னைப் போல 41 வயதுக்காரி ஒருத்தி தன்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவருக்கு முன்னால்.

இது சரியா? என் பதில் சரி என்பதுதான். ஆனால் அதற்குக் காரணம் ஆசிரியர் என்ற பட்டம் இல்லை, நான் வேலை செய்யும் அறை.

நான் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு முடிந்து 2020 ஜூனில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது பள்ளி முழுக்க ஒரே மந்திரம்: வகுப்புகள் கலக்கக் கூடாது. இடைவேளை வேறு வேறு நேரம், கேன்டீனில் இந்த மேசை 3ஏ, அந்த மேசை 3பி, மேசையைத் துடைக்கப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு துணி. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, தாய்மொழிப் பாடத்துக்கு மணி அடிக்கும் வரை. மணி அடித்ததும் ஆறு வகுப்புகளிலிருந்து, இங்கே மூன்று பேர், அங்கே ஐந்து பேர், இன்னொன்றில் ஒரே ஒரு பிள்ளை என்று என் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருந்தோம். ஒரே வகுப்புக்காரர்கள் ஒரு கூட்டமாக உட்கார வேண்டும், அடுத்த கூட்டத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் இடைவெளி. அந்த ஒற்றைப் பிள்ளை மட்டும் மூலையில் தனித்தீவாக உட்கார்ந்திருக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும்.

அடுத்த பாடவேளை தொடக்கநிலை 2. அதற்கடுத்து தொடக்கநிலை 6. கணிதம் எடுக்கும் என் தோழி இரண்டு வகுப்புகளோடு அன்றைய வேலையை முடித்துவிடுவாள், நானோ ஒரே நாளில் பதினைந்து வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் நின்றிருப்பேன். பள்ளியில் யாரும் கலக்கக் கூடாது என்று போட்டிருந்த சுவர்கள் எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை இருந்தது, அந்த ஓட்டைக்குப் பெயர் தமிழ் டீச்சர். அந்த மாதங்களில் எனக்கு வந்த கெட்ட கனவு மருத்துவமனைக் கட்டில் இல்லை. தொடர்புத் தடமறியும் அதிகாரி தொலைபேசியில் "நேத்து எந்தெந்த வகுப்புக்குப் போனீங்க?" என்று கேட்பார், நான் சொல்லிக்கொண்டே போவேன், அவர் எழுதிக்கொண்டே இருப்பார், முடியவே முடியாது.

நான் 14 நாள் தனிமைப்படுத்தப்பட்டால் என் இடத்தில் யார் நிற்பது? சீனமொழி ஆசிரியரா? பள்ளியில் நாங்கள் நான்கே பேர், நான்கு பேரும் ஒரே அறையில் மதிய உணவு சாப்பிடுகிறவர்கள். சரி, இப்போது நினைத்தால் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு இல்லை.

முகக்கவசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு ழகரம் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று திறந்து காட்டினால்தான் பிள்ளைக்குப் புரியும். நான் துணிக்குப் பின்னால் இருந்து "வாழைப்பழம், வாழைப்பழம்" என்று கத்துவேன், அவர்கள் துணிக்குப் பின்னால் இருந்து எதையோ திருப்பிக் கத்துவார்கள், எனக்கு எல்லாமே சரியாகச் சொல்வது போலத்தான் கேட்கும். 2022 ஆகஸ்ட் 29 அன்று வகுப்பறையில் முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆனபோது, 2020இல் தொடக்கநிலை 1க்கு வந்த பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் இருந்தார்கள். ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன், இரண்டரை வருடமாக வாயப்பயம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தெரியவே இல்லை. வீட்டிலிருந்து படித்த வாரங்களில் இன்னும் மோசம், அப்பாவின் கைப்பேசியில் பாதி முகம் மட்டும் தெரியும், பின்னால் தம்பி அழுவான், தொலைக்காட்சி ஓடும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வேறு இடமே கிடையாது. வகுப்பு மூடினால் கணிதமும் அறிவியலும் தாமதமாகும், அவ்வளவுதான். தமிழ் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று, நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்போது ஊசியே கிடையாது. 12 வயதும் அதற்கு மேலும் ஆன மாணவர்களுக்கு 2021 ஜூனில் தொடங்கினார்கள், 5 முதல் 11 வயது வரை டிசம்பர் 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பது மாதங்கள். அதுவரை அவர்களைச் சுற்றி நிற்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே வேலி. பலவீனமான வேலிதான், போட்டவர்களுக்கும் தொற்றியது, டெல்டா வந்தபோது அது நன்றாகவே தெரிந்தது. மே 19லிருந்து 28 வரை பள்ளிகள் மறுபடி வீட்டிலிருந்து கற்றலுக்குப் போனபோது என் மைத்துனர், "அவ்வளவு அவசரமா உங்களுக்குப் போட்டாங்களே, என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல். மூடியது பிள்ளைகளுக்குத் தொற்றத் தொடங்கியதால், நாங்கள் பரப்பியதால் இல்லை. ஆனால் அவர் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வலுவான எதிர்வாதம் வயதுதான். பிரிட்டனில் ஆசிரியர் சங்கங்கள் கேட்டும், நிபுணர் குழு தொழிலைப் பார்க்க மாட்டோம், வயதைத்தான் பார்ப்போம் என்று 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அதே சமயம் அமெரிக்காவில் பைடன் மார்ச் தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் முன்னுரிமை கொடுங்கள் என்று எல்லா மாநிலங்களையும் கேட்டுக்கொண்டார். பிரிட்டன் சொன்னதை என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்த வாதம் என் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்போது 67 வயது, சர்க்கரையும் உண்டு. மார்ச் விடுமுறையில் ஒரு காலைப்பொழுது நான் சமூக மன்றத்துக்குப் போய் இடது கையில் போட்டுக்கொண்டு, 30 நிமிடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அத்தைக்கு ஊசி போட அழைக்கும் கடிதம் இன்னும் வரவில்லை. கிருமி யாரைக் கொல்லும் என்று கேட்டால் என்னையா, அவரையா? கை வலிக்குது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

என்னிடம் விட்டிருந்தால், 60 வயதுக்காரர்கள் எல்லோரும் முடிந்த பிறகுதான் இருபத்தைந்து வயது ஆசிரியரைக் கூப்பிட்டிருப்பேன். அதுபோல நெருக்கம்தான் அளவுகோல் என்றால், 2020இல் 54,000 பேருக்கு மேல் தொற்று கண்ட வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் பட்டியலில் எங்களுக்கு வெகு முன்னால் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் மார்ச்சில்தான் தொடங்கியது. அவர்களில் எத்தனையோ பேர் நம் ஊர்த் தம்பிகள், இதை ஆசிரியர் அறையில் அன்று யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

இங்கே எனக்குப் பிடித்தது, பதவியைப் பார்க்காமல் பிள்ளைகளோடு யாருக்குத் தொடர்பு என்று பார்த்தது. எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் ஆன்ட்டி 70ஐத் தாண்டியவர், முதல்வருக்கு முன்னாலேயே போட்டுவிட்டார். ஒரு மாதம் வரை எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். கடுமையான ஒவ்வாமை இருந்த ஒரு சக ஆசிரியை அப்போதைய விதிப்படி போட்டுக்கொள்ள முடியாமல் போனார். முன்னுரிமை கிடைத்தும் பயனில்லாமல் அவர் தவித்த தவிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வரிசையில் எந்த இடம் என்ற கவலை குறைந்துவிட்டது.

கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று. நான் போட்டுக்கொண்ட இரண்டாம் நாளே பெற்றோரிடமிருந்து செய்திகள்: "டீச்சர், நீங்க போட்டுட்டீங்களா? காய்ச்சல் வந்துச்சா? எங்கம்மா பயப்படுறாங்க." பன்னிரண்டு பேருக்காவது பதில் சொல்லியிருப்பேன். அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்னதைவிட, பிள்ளையின் தமிழ் டீச்சர் விடுமுறை முடிந்ததும் வேலைக்கு வந்தாள் என்பது சில பாட்டிகளுக்குப் பெரிய ஆதாரமாக இருந்திருக்கிறது.

அத்தையும் அப்படித்தான். நான் குற்ற உணர்வில் புழுங்கிக்கொண்டிருக்க, அவர் ரசம் தாளித்தபடி, "நல்லதாப் போச்சு, நீ முதல்ல போட்டுக்கிட்ட. ரெண்டு வாரம் பார்ப்போம், உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் போய்க்கிறேன்" என்றார். கடிதம் வந்ததும் அதே சமூக மன்றத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். தாதி ஊசியைத் தயார் செய்துகொண்டே, "பயமா இருக்கா பாட்டி?" என்று கேட்டார். அத்தை என்னைக் கைகாட்டி, "என் மருமக டீச்சர், இவ முன்னாடியே போட்டுட்டா. இன்னும் என்னோட சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கா" என்றார்.