இருண்டுபோன அயனி

பவுல் பொறியில் (ரேடியோ அலை மின்புலத்தால் அயனியைப் பிடித்துவைக்கும் கருவி) ஒற்றை இட்டர்பியம்-174 அயனி, அதைச் சுற்றி மீக்குளிர் லித்தியம்-6. காந்தப்புலத்தை 832 காஸ் ஒத்ததிர்வுக்கு (லித்தியம் அணுக்களின் இடைவினை மிக வலுவாகும் புலம்) சற்றுக் கீழே வைத்தால் லித்தியம் அணுக்கள் இணைந்து இரட்டை மூலக்கூறுகளாகும். அதில் ஒன்று அயனியைத் தொட்டால் ஒரு லித்தியம் ஒட்டிக்கொள்ளும், மற்றது பறந்துவிடும். 369 நானோமீட்டர் லேசரில் மின்னிக்கொண்டிருந்த அயனி, மூலக்கூறு அயனியாக மாறியதால் சட்டென இருண்டுவிடும்.

இருட்டை மட்டும் பார்த்து "வினை நடந்தது" என்று எழுதிவிடாதீர்கள்! அயனியை மின்னும் சுழற்சிக்குத் திருப்பிக் கொண்டுவரும் 935 நானோமீட்டர் லேசரின் அதிர்வெண் நழுவினாலும் இருளும். நீண்ட ஆயுள்கொண்ட எஃப் என்னும் ஆற்றல் நிலையில் சிக்கினாலும் இருளும். நிறையை அளந்தே தீரவேண்டும்: 174 என்பது 180 ஆனால் பொறிக்குள் அயனி ஊசலாடும் ஆரத்திசை அதிர்வெண் சுமார் 3 சதவீதம் குறையும்.

பெரிய தொல்லை நுண்ணியக்கம், அதாவது பொறியின் புலத்தால் அயனிக்கு வரும் வேகமான நடுக்கம். சிதறல் மின்புலம் அயனியைப் பொறியின் மையத்திலிருந்து சற்றே தள்ளினாலும் ரேடியோ அலைப் புலம் அதை உலுக்கி, மோதலைச் சூடாக்கும். ஈடுகட்டும் மின்னழுத்தத்தை அடிக்கடி சரிபாருங்கள். கனமான அயனிக்கு லேசான அணுவைத் தேர்ந்தெடுப்பதும் இந்தச் சூட்டைக் குறைக்கத்தான்.

ஆம்ஸ்டர்டாம் குழு 2022இல் வெளியிட்ட அளவீட்டில் வினை லாஞ்செவின் வேகத்திலேயே (அயனியின் ஈர்ப்பில் சிக்கும் ஒவ்வொரு மோதலும் வினையாகும் எனக் கணிக்கும் வேகம்) நடந்தது. கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடிக்கும் குறைவான மூலக்கூறுகளைக்கூட ஒற்றை அயனி காட்டிக்கொடுத்தது. அபாரமான உணர்திறன்!