தவிட்டுக்கும் காற்று வேண்டும்

முதுகலை இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது அமைலேஸ். மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதி. ரொட்டி மாவிலும் குளுக்கோஸ் பாகு தயாரிப்பிலும் சேர்ப்பார்கள். அதைச் சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையைச் சண்டிகரிலிருக்கும் நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்து வரவழைத்தோம். பழைய சோற்றில் பூக்கும் பூஞ்சையை எடுத்து யாரும் வளர்த்துவிடாதீர்கள். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் ஃப்ளேவஸ் இனம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும்.

அது வளரத் தவிடு போதும். தஞ்சாவூர்ச் சீமையில் தவிட்டுக்கா பஞ்சம்? மன்னார்குடிப் பக்கத்து மில்லில் வாங்கி, தண்ணீர் தெளித்துப் பிசிறி, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வைத்துக் கிருமி நீக்கி, ஆறவிட்டு, பூஞ்சையின் வித்துகளைக் கலந்து, தட்டில் இரண்டங்குல உயரத்துக்கு நிரப்பினேன். இரண்டாம் நாள் மேலே வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. கிளறினால் நடுவில் கொழுக்கட்டைபோல் கட்டி, அவிந்த வாடை. தெர்மாமீட்டர் 46 காட்டியது. வைத்ததோ 30 டிகிரி அறையில்! மூன்று முறை இப்படியே போனது. மூன்றாம் முறை அழுதேவிட்டேன்.

மறுபடி தவிடு வாங்கப் போனபோது மில்லில் இருந்த பெரியவரிடம் சொன்னேன். "ஈர நெல்லக் குவிச்சு வச்சா உள்ள கொதிக்காதா பாப்பா? பரத்தி விட்டியா?" என்றார்.

குறுவை நெல் மழையில் நனைந்தால் அப்பா குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பூஞ்சையும் மூச்சுவிடும், சூட்டைக் கக்கும். தவிடு பொடியாக இருப்பதால் ஈரம் பட்டதும் அப்பிக்கொள்கிறது; சூடு வெளியேற வழியில்லை.

அடுத்த முறை உமி கலந்தேன். அரையங்குலத்துக்கு மேல் பரப்பவில்லை. காலையும் மாலையும் கிளறினேன். 72 மணி நேரம் கழித்து, நொதியைக் கரைத்தெடுக்கக் கரைசல் ஊற்றிப் பிழிந்து வடிகட்டினேன்.

வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்து, நொதி கலந்த மாவுக் கரைசலை நிமிடத்துக்கு ஒரு துளி விட்டேன். முதல் துளி கருநீலம்: மாவுச்சத்து இன்னும் உடையவில்லை. பிறகு ஊதா, செம்பழுப்பு. எட்டாவது துளியில் அயோடினின் மஞ்சள் நிறம் மட்டுமே நின்றது.

அன்று மாலையே குருணைக் கஞ்சி காய்ச்சி, 55 டிகிரிக்கு ஆறியதும் அந்த வடிநீரைக் கொஞ்சம் விட்டேன். கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த கஞ்சி கால் மணி நேரத்தில் கழுநீராக ஒழுகியது. நஞ்சுப் பரிசோதனை முடிவு வராததால் நாக்கில் வைக்கவில்லை. ஆனால் அந்தக் கரண்டியை வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.